அலுமினிய சேஸிசில் பித்தளை லக்: இந்த ஹம் எங்கிருந்து வருகிறது?

11 ஜூன் 2023, காலை

சித்தப்பாவின் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர் என் மேசைக்கு வந்திருக்கிறது. 1970களில் உள்ளூர்க்காரர் ஒருவர் கையால் கட்டியது. இரண்டு 6எல்6 வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்), வளைத்துச் செய்த அலுமினிய சேஸிஸ் (அடிப்பெட்டி), கை வைத்தால் சுடும் டிரான்ஸ்பார்மர். திருச்செந்தூர் வட்டாரக் கோயில் கொடைகளில் விடிய விடியப் பாட்டுப் போட்ட பெட்டி. சித்தப்பா தொழிலை விட்ட பிறகு இருபது வருடம் ஓட்டுச் சாய்ப்பில் கிடந்தது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம்.

ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னால் ஹம், அதாவது 'ம்ம்ம்' என்ற இரைச்சல், வருகிறது. எல்லோரும் சொல்வதுபோல் ஃபில்டர் கண்டென்சரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். புதிது வாங்கிப் போட்டேன். ஹம் இம்மிகூடக் குறையவில்லை. காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே போனதில், எர்த் ஒயர்கள் கூடும் லக்கில் (ஒயரைச் சால்டர் வைக்க, சேஸிசில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் தகட்டு வளையம்) குச்சியை வைத்து அழுத்தினால் ஹம் நிற்கிறது, எடுத்தால் திரும்ப வருகிறது. (வால்வு செட்டைத் திறப்பவர்களுக்கு: ஆஃப் செய்த பிறகும் கண்டென்சரில் 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஸ்க்ரூவைக் கழற்றினேன். லக்குக்கு அடியில் அரிசி மாவுபோல வெள்ளைப் பொடி. பொடியைத் தட்டினால் அலுமினியத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள்.

என் வாதம் இதுதான்: அலுமினியமும் பித்தளையும் ஒட்டியிருந்தன, கடல் ஈரம் சேர்ந்தது, அந்த இடம் ஒரு குட்டி பேட்டரி ஆனது, அலுமினியம் கரைந்துகொண்டே போனது. பழைய மின்னணுச் சாமான்களில் வரும் பாதிக் கோளாறு இந்த உலோகச் சண்டைதான் என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் இந்த இழையிலேயே பதில் எழுதுங்கள்.

11 ஜூன் 2023, இரவு

காலையில் பித்தளை என்று எழுதியது அரைகுறை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். லக் பித்தளைதான், ஆனால் மேலே வெள்ளீயப் பூச்சு உண்டு. ஸ்க்ரூவை முறுக்கும்போது லக்கும் சேர்ந்து திரும்பியிருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு வட்டத்தில் மட்டும் பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. ஸ்க்ரூ இரும்பு. ஆக, சண்டை இரண்டு பேருக்குள் இல்லை, நாலு பேருக்குள்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அட்டவணையில் தங்கம் பூஜ்யம். வெள்ளி 0.15, நிக்கல் 0.30, செம்பு 0.35, பித்தளை 0.40 முதல் 0.45, வெள்ளீயப் பூச்சு 0.65, இரும்பு 0.85, சாதாரண அலுமினியத் தகடு 0.90, துத்தநாகம் 1.25. எல்லாம் வோல்ட். இரண்டு உலோகத்துக்கு நடுவே வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பகை. உப்புக்காற்று, வெட்டவெளி என்றால் 0.15 வரை பொறுக்கலாம். சாதாரண கிடங்கு என்றால் 0.25. ஏசி அறைக்குள் 0.50 வரைகூடத் தப்பிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். அலுமினியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் வித்தியாசம் 0.25. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. பூச்சு தேய்ந்து பித்தளை தொட்டால் 0.45க்கு மேல். லக்கில் வெள்ளீயம் பூசுவது சால்டர் சுலபமாகப் பிடிப்பதற்கு என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் நடுவே மத்தியஸ்தரும்கூட.

இரும்பு ஸ்க்ரூவுக்கும் அலுமினியத்துக்கும் வெறும் 0.05. ஸ்க்ரூவை விடுதலை செய்கிறேன்.

12 ஜூன் 2023

ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் காட்டி மடக்குகிறார். அங்கே அலுமினியம் மைனஸ் 1.66, செம்பு பிளஸ் 0.34, வித்தியாசம் இரண்டு வோல்ட். நீங்கள் சொல்வது அரை வோல்ட்கூட இல்லையே என்கிறார். புத்தகம் சரி. ஆனால் அது தோலுரித்த அலுமினியத்தின் கணக்கு. காற்றுப் பட்ட மறு நொடியே அலுமினியம் ஆக்சைடைப் போர்த்திக்கொள்ளும். சில நானோமீட்டர்தான் கனம், ஆனாலும் அதுதான் கவசம். நாம் தொடுவதெல்லாம் அந்தப் போர்வையைத்தான். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் போர்வையில் ஓட்டை போடும். அதனால்தான் அரிப்பு சமமாகப் பரவாமல் குழி குழியாக விழுகிறது.

13 ஜூன் 2023

அளந்துவிட்டுப் பேசு என்று கேட்டவருக்கு. மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன், 0.3க்கும் 0.7க்கும் நடுவே ஆடியது. இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.3 வருகிறது. அதாவது மீட்டர் தன் ஒயரைத்தான் பாதி அளந்துகொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு அது ஆகாது.

வேறு வழி: பவர் சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியரை லக்கிலிருந்து சேஸிசுக்கு ஓட்டுங்கள். தனி ஒயரில், இணைப்பின் இரண்டு பக்கத்தையும் தொட்டு மில்லிவோல்ட் பாருங்கள். எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லிஓம். லக்கை எடுத்தபடியே திரும்ப மாட்டி அளந்தேன். 340. முனைகளை மாற்றி எதிர்த்திசையில் ஓட்டினால் 290. ஒரு திசையில் தாராளம், மறு திசையில் கருமித்தனம். டயோடு போட்ட மாதிரி.

இது புதிதில்லை. பழைய முள் மீட்டர்களுக்குள் ஏசியை டிசி ஆக்கச் செம்பு ஆக்சைடுத் தகடுதான் இருந்தது. துருப்பிடித்த இணைப்பே டயோடாகிவிடும் தொல்லை கப்பல் ரேடியோக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கப்பலின் சொந்த டிரான்ஸ்மிட்டர் அலைகளே துருப்பிடித்த கம்பியிலும் போல்ட்டிலும் கலந்து, இல்லாத அலைவரிசையில் இரைச்சல் போடும்.

13 ஜூன் 2023, கொஞ்ச நேரம் கழித்து

0.34 ஓம் ஒரு பொருட்டா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டு ஒயரிங்கில் பொருட்டில்லை. இங்கே பொருட்டு. டிரான்ஸ்பார்மரின் நடு முனை சேஸிசின் அந்தக் கோடியில் எர்த் ஆகிறது. கண்டென்சர்களின் நெகட்டிவ் இந்த லக்கில். ஆக ரிப்பிள் கரண்ட் (ஏசியை டிசி ஆக்கிய பிறகும் மிச்சமிருக்கும் அலை) முழுவதும் இந்தத் துருவைத் தாண்டித்தான் போய் வர வேண்டும். 0.15 ஆம்பியர் என்று வைத்தால் லக்கில் 50 மில்லிவோல்ட் நிற்கும். மைக் ஸ்டேஜின் எர்த்தும் அதே லக்கில், மைக் சாக்கெட்டின் எர்த் சேஸிசில். மைக்கிலிருந்து வருவதே சில மில்லிவோல்ட்தான். மைக்கைவிடப் பத்து மடங்கு சத்தமாக லக் பாடியிருக்கிறது.

கண்டென்சரை மாற்றியும் ஹம் ஏன் குறையவில்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. புது கண்டென்சரின் நெகட்டிவையும் அதே லக்கில்தான் சால்டர் வைத்தேன்! 600 ரூபாய்.

முதல் நாள் ஹம் 50 ஹெர்ட்ஸ் என்று யாருக்கோ பதில் எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. ஃபோன் ஆப்பில் பார்த்தால் 100ல்தான் குன்று நிற்கிறது. வீட்டு மின்சாரம் 50, அதன் இரண்டு பக்கத்தையும் டிசி ஆக்கும் ரெக்டிஃபையரின் ரிப்பிள் 100தான். காதை நம்பாதீர்கள், குறிப்பாக என் காதை.

18 ஜூன் 2023

ஒரு வாரமாக ஒன்று குடைகிறது. என் வாதத்துக்கு நானே எதிர்ச்சாட்சி.

இந்த அரிப்பில் பரப்பளவுக் கணக்கு உண்டு. கரைகிற உலோகம் சின்னதாகவும் கரைக்கிற உலோகம் பெரியதாகவும் இருந்தால் நாசம். நேர்மாறாக இருந்தால் பெரிய சேதம் இல்லை. இதற்கு எல்லோரும் சொல்லும் கதை பிரிட்டிஷ் கடற்படையின் அலார்ம் என்ற போர்க்கப்பல். மரம் தின்னும் புழுவைத் தடுக்க 1761ல் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு வருடத்தில் கப்பல் திரும்பியபோது செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கூழாகியிருந்தன. கப்பல் அளவு செம்பு, கட்டைவிரல் அளவு இரும்பு. ஆனால் சில ஆணிகள் மட்டும் புதுசு போல இருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைச் சோம்பேறித்தனத்தில் எடுக்காமல் விட்ட இடங்கள் அவை. காகிதம் நடுவில் நின்று காப்பாற்றியிருக்கிறது.

என் சேஸிசிலோ கதை தலைகீழ். கரைகிற அலுமினியம் இரண்டு சதுர அடி, பித்தளை கால் ரூபாய் அளவு. கணக்குப்படி சேதம் பரவிப்போய்க் கண்ணுக்கே தெரியக்கூடாது. பிறகு எப்படிக் குழி?

பதிலும் படித்துத் தெரிந்துகொண்டேன். கப்பல் கடலுக்குள் மிதக்கிறது, தண்ணீர் எல்லாப் பரப்பையும் இணைக்கிறது. சாய்ப்பில் கிடந்த பெட்டியில் இருப்பது காகிதக் கனம்கூட இல்லாத ஈரப் படலம். அதற்குள் கரண்ட் நெடுந்தூரம் போகாது. லக்கின் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். மீதி அலுமினியம் இருந்தும் இல்லாத கணக்குதான். குழிகள் எல்லாம் லக்கின் ஓரத்தை ஒட்டியே வளையமாக விழுந்திருப்பது இதனால்தான்.

(காகிதத்தை நானும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். கப்பலுக்கு ஆணி பிடித்தால் போதும், எனக்குக் கரண்டும் போக வேண்டும்.)

19 ஜூன் 2023

ஈரம் எங்கிருந்து வந்தது, பெட்டிதான் கூரைக்குக் கீழே இருந்ததே என்கிறார் ஒருவர். தூத்துக்குடியில் இதைக் கேட்கலாமா. உப்பளத்தில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள். சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். அப்படியென்றால் கடற்காற்றில் வந்து படிந்த உப்புத்தூசி எங்கள் ஊரில் வருடத்தில் எத்தனை நாள் உண்மையாகக் காய்ந்திருக்கும்? அடுப்படி உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். மழை பெய்ய வேண்டும் என்றில்லை.

21 ஜூன் 2023

சித்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குப்பா இத்தன பேச்சு, புளி போட்டு விளக்கு" என்றார். விளக்கினேன். பித்தளை லக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். ஆனால் கழுவாமல் விட்டால் அதே அமிலம் அடுத்த களிம்பை ஆரம்பித்து வைக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஸ்பிரிட்டில் துடைத்தேன். வெள்ளீயப் பூச்சு சுத்தமாகப் போய்விட்டது, அதனால் இந்த லக்கை இனி அலுமினியத்தில் வைக்கக்கூடாது. சித்தியிடம் இதைச் சொல்லவில்லை.

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது என்று. வேதியியல்காரன் கேட்டால் ஒப்பமாட்டான், காற்றும் ஈரமும் கொடுத்தது என்பான். கடற்கரையில் பெட்டி திறக்கிறவனுக்குச் சித்தாந்தமே சரி என்று தோன்றும்.

2 ஜூலை 2023

ஹம்மை விட்டுவிட்டுப் புதிய துக்கம். நேற்று ஒரு மணி நேரம் ஓடவிட்டதில் ஒரு வால்வு செத்தது போல ஆனது, பாட்டு கரகரத்தது. வால்வு நன்றாகவே இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வால்வுப் பக்கச் சுற்றின் (பிரைமரி) ஒரு பாதி அறுந்து ஓப்பன். உடனே "செம்புக் கம்பி, இரும்புக் கோர், மறுபடி உலோகச் சண்டை" என்று எழுத வந்தேன். நல்லவேளை, வைண்டிங் கடையில் பிரிக்கிற வரை பொறுத்தேன்.

கம்பி அறுந்த இடத்தில் பச்சைப் பொட்டு, மிளகு அளவு. சுற்றியிருந்த காகிதத்திலும் பச்சைக் கறை. கோர் இரும்பில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. உலோகச் சண்டையாக இருந்தால் இரும்புதான் கரைய வேண்டும், செம்பு தப்பித்திருக்க வேண்டும். இங்கே செத்தது செம்பு.

கொன்றது ஹெச்.டி., அதாவது வால்வுக்குப் போகும் உயர் வோல்ட். கம்பியில் 350 வோல்ட் பாசிட்டிவ், கோர் எர்த்தில். நடுவே ஈரம் குடித்த காகிதம். கசிகிற கரண்ட் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைக் கரைத்து எடுத்துப்போகும். பாத்திரத்துக்கு முலாம் பூசுகிற அதே வேலை, தலைகீழாக. ஒரு மைக்ரோ ஆம்பியர் ஒரு வருடம் நின்றால் 10 மில்லிகிராம் செம்பு போகும். 0.1 மில்லிமீட்டர் கம்பியில் அது 15 சென்டிமீட்டர் நீளம். ஒரே புள்ளியில் குவிந்தால் அறுவதற்குச் சில நாள் போதும்.

இரண்டு உலோகம் தேவையே இல்லை. செம்புக்குச் செம்பே பக்கத்தில் இருந்தாலும் இது நடக்கும்.

4 ஜூலை 2023

மேலே சொன்னதற்கு ஒட்டிய சங்கதி, டெலிபோனில் லைன்மேனாக இருந்த உறவினர் சொன்னது. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி 48 வோல்ட், ஆனால் பாசிட்டிவைத்தான் எர்த் செய்வார்கள். லைன் முழுக்க மைனஸ் 48. எனக்கு இது விசித்திரமாகவே இருந்தது. காரணம் இந்தப் பச்சைப் பொட்டுதான். மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பி மண்ணைவிட நெகட்டிவாக இருந்தால் அது கரையாது. என் ஆம்ப்ளிஃபயரைக் கட்டியவர் டெலிபோன்காரரிடம் ஒரு டீ குடித்திருக்கலாம். ஆனால் வால்வுக்கு பிளேட்டில் பாசிட்டிவ் வேண்டும், எர்த்தை மாற்றினால் மைக் ஒயரே ஷாக் அடிக்கும். சரி, சொன்னேன், விட்டுவிடுங்கள்.

9 ஜூலை 2023

பழைய 486 கம்ப்யூட்டரில் வெள்ளீய முனை ரேம், தங்கம் பூசிய சாக்கெட், அது உங்கள் அட்டவணையில் 0.65 ஆச்சே என்று கேட்டவருக்கு.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கச் சாக்கெட்டுக்குத் தங்க ரேம், வெள்ளீயத்துக்கு வெள்ளீயம் என்று அந்தக் காலத்தில் விதியே இருந்தது. விதி சரி, காரணத்தை நான் தப்பாகப் பிடித்திருந்தேன். ஏசி அறைக்குள் உப்பும் ஈரமும் இல்லாத இடத்திலும் அது கெடுகிறது. அங்கே நடப்பது உரசல். மெஷின் சூடாகி ஆறும்போது முனைகள் மைக்ரான் கணக்கில் முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு முறையும் வெள்ளீயம் கொஞ்சம் சுரண்டப்பட்டு ஆக்சைடாகும். அது கடினமான பொடி, மின்சாரம் கடத்தாது. தங்கம் கடினமான பக்கம் என்பதால் மிருதுவான வெள்ளீயம் அதன் மேல் போய் ஒட்டி அங்கேயே பொடியாகிவிடும். அதனால்தான் ரேமைக் கழற்றி மாட்டினாலே மெஷின் உயிர் பெறுகிறது. மாட்டும்போது பொடி வழிக்கப்படுகிறது.

கம்ப்யூட்டர் கடைப் பையன்கள் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பார்களே, அது வேலை செய்யும். ஆனால் தங்கப் பூச்சு மைக்ரானில்தான் இருக்கிறது. நாலு தடவை தேய்த்தால் அடியிலுள்ள நிக்கல் எட்டிப் பார்க்கும், அதற்கும் கீழே செம்பு. அப்போது உண்மையான உலோகச் சண்டை ஆரம்பம், அதுவும் மோசமான வகை: மேலே பரந்த தங்கம், ஊசிமுனை ஓட்டைக்குள் துளியூண்டு செம்பு. அலார்ம் கப்பல் மாதிரியேதான்.

10 ஜூலை 2023

வெள்ளீயம் என்றதும் இன்னொன்று. 1960களின் டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஏ.எஃப்.117 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வரும். நாலு கால். உள்ளே உறையின் சுவரில் பூசிய வெள்ளீயத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழைகள் தானாக வளர்ந்து உள்ளிருக்கும் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். ஈரமும் கிடையாது, இரண்டாவது உலோகத்தோடு பகையும் கிடையாது. நாலாவது கால், அதாவது உறையின் எர்த்தை வெட்டிவிட்டால் ரேடியோ பாடும், பாதி நேரம். நான் மூன்றை இப்படிப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஒன்று இரண்டு மாதத்தில் மறுபடி ஊமையானது.

"பாதிக் கோளாறு" என்று முதல் நாள் எழுதியதைக் கால்வாசி என்று திருத்திக்கொள்கிறேன்.

16 ஜூலை 2023

பேட்டரி கட்டை ஒழுகிய ரேடியோக்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வினிகர் போட்டுத் துடையுங்கள் என்று போன வாரம் எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுத்தேன். வாபஸ். அல்கலைன் செல்லிலிருந்தும், பழைய கம்ப்யூட்டர் போர்டின் நிக்கல்-காட்மியம் பேட்டரியிலிருந்தும் வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதற்குத்தான் வினிகர். பழைய சாதாரணக் கட்டையிலிருந்து வருவது துத்தநாகக் குளோரைடு, அம்மோனியம் குளோரைடு. அது அமிலப் பக்கம். அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். அமிலத்துக்கு மேல் வினிகர் ஊற்றினால் குரங்குக்குக் கள் ஊற்றின கதை.

கட்டை ஏன் ஒழுகுகிறது என்றால், அதன் டப்பாவேதான் துத்தநாக முனை. கரண்ட் கொடுக்கக் கொடுக்க அது தன் சுவரையே தின்கிறது. டார்ச் லைட்டில் ஒட்டிக்கொண்ட கட்டையைக் கத்தியால் நெம்பி எடுத்திராத வீடு உண்டா?

ஸ்ப்ரிங்கில் மட்டும் உண்மையான உலோகச் சண்டை. இரும்பு ஸ்ப்ரிங்குக்கு நிக்கல் பூச்சு. பூச்சில் ஊசி ஓட்டை விழுந்தால் இரும்பு கீழிருந்து பொரிந்து எழும்பும். ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தாலே ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

கறுத்துப்போன நெகட்டிவ் ஒயர் சால்டர் பிடிக்காது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். காரம் ஒயருக்குள்ளேயே ஊர்ந்துபோயிருக்கும். சுரண்டிப் பிரயோஜனமில்லை, முழுசாக மாற்றுங்கள்.

30 ஜூலை 2023

லக்கை எப்படிச் சரி செய்தேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

குழிகள் விழுந்த இடத்தை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை. சுற்றிலும் உப்புத்தாளால் அலுமினியத்தைப் பளபளக்கத் தேய்த்தேன். (உப்பால் வந்த வியாதிக்கு உப்புத்தாள் வைத்தியம்.) தேய்த்த கையோடு மெல்லிசாக வாசலின். புதிய வெள்ளீய லக். அதன் அடியில் துத்தநாகம் பூசிய பல் வாஷர், இரும்பு ஸ்க்ரூ, நட். இறுக்கும்போது லக்கை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டேன், திரும்பிப் பூச்சைத் தேய்த்துவிடாமல். அளந்தால் 2 மில்லிவோல்ட். இரண்டு திசையிலும் 2. ஹம் போய், ஒலிபெருக்கியில் காது வைத்தால் மட்டும் ஒரு மூச்சு கேட்கிறது.

வாசலின் இன்சுலேட்டர் ஆச்சே என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு: வாஷரின் பல் அலுமினியத்தில் கடிக்கும் புள்ளியில் வாசலின் பிதுங்கி வெளியே போய்விடும். மீதி இடத்தில் ஈரம் நுழையாமல் அடைத்து நிற்கும். அதுதான் வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடச் சொன்னவருக்கு நன்றி, போடவில்லை. அட்டவணையில் அது 0.50க்குப் பக்கம், அலுமினியத்தோடு 0.40 வித்தியாசம். தனக்குத் துருப்பிடிக்காது, பக்கத்து வீட்டைத்தான் கெடுக்கும். துத்தநாகப் பூச்சுக்கும் வித்தியாசம் 0.35 வருகிறதே என்று கணக்குப் போடுவீர்கள். வருகிறது. ஆனால் சாகிறது துத்தநாகம், சேஸிஸ் இல்லை. வாஷர் இரண்டு ரூபாய்.

14 ஆகஸ்ட் 2023

டிரான்ஸ்பார்மர் கட்டி வந்தது. கொடையில் ஓடியது. இரவு முழுக்க. அவ்வளவுதான், இழையை மூடலாம் என்று நினைக்கிறேன்.

7 ஜனவரி 2024

மூட முடியவில்லை. டிசம்பர் 17, 18 மழை தெரியும்தானே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் முழங்கால். ஆம்ப்ளிஃபயர் பரணில் இருந்ததால் தப்பித்தது. குழாய் ஒலிபெருக்கி நாலும் முற்றத்தில் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீருக்குள். அலுமினியக் குழாய், பித்தளை முனை, இரும்பு போல்ட். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் போல்ட் எல்லாம் அலுமினியத்தோடு வெல்டு வைத்த மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைப் பொடி ஊதிப் பெருத்து நூலிழையை அடைத்துவிட்டது. நாலில் இரண்டு போல்ட் முறிந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஒலிபெருக்கியைக் கொன்றது அதுவும் இல்லை. உள்ளே காந்தத்தின் இடைவெளியில் வண்டல்.

சித்தப்பா பார்க்க வந்தார். மேசையில் கிடந்த மீட்டர், ஒயர், அட்டவணை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏலே, ஓட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகலியே. சும்மா போட்ட பிறகுதான எல்லாம்." நான் ஏழு மாதமாக எழுதியதில் இது விட்டுப்போயிருந்தது. முப்பது வருடம் அதே லக், அதே பித்தளை, அதே கடற்காற்று. ஆனால் வாரத்துக்கு மூன்று இரவு வால்வு சூட்டில் பெட்டி வறுபட்டுக் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

12 மே 2024

கோடை முடிவதற்குள் பழைய ஒன் ஆம்பியர் சோதனை. புதிய லக்: 3 மில்லிவோல்ட். எதிர்த்திசை 3. போன ஜூலையில் 2 இருந்தது. அந்த ஒன்று மீட்டரின் கடைசி இலக்கமா, அரிப்பின் முதல் அடியா என்று சொல்லத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். சித்தி காலையில் சுப்ரபாதம் கேட்கிறார், கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி என்கிறார்.